ரொறன்ரோவில் இலையுதிர் காலம்: எந்தப் பூங்கா என்பதைக் காற்றும் மழையும் சொல்லும்

வாசகர் ஒருவரின் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கையில் ஒரு பழைய கமராவும் 55-250 மி.மீ. ஸூம் லென்ஸும் இருக்கின்றன. போன ஒக்ரோபரில் வார இறுதிகளில் பூங்கா பூங்காவாக நடந்தும் சிவந்த இலைகளைத் தவிர வேறெதுவும் கமராவில் விழவில்லை. மிருகங்களும் பறவைகளும் நிச்சயமாகக் கிடைக்கும் பூங்கா எது? பெரிய லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

நிச்சயமாகக் கிடைக்கும் பூங்கா என்று ஒன்று இல்லை. கிடைக்கும் நாட்கள் இருக்கின்றன. இந்தக் காலத்தில் ரொறன்ரோவில் உள்ள உயிர்கள் எல்லாம் ஒன்றில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், அல்லது எதையாவது சேர்த்துக்கொண்டிருக்கும். சமன் மீன் ஏரியை விட்டு ஆற்றில் ஏறும். பருந்து வடக்கை விட்டுத் தெற்கே போகும். அணில் கொட்டைகளை மண்ணுக்குள் புதைக்கும். இந்தப் போக்குவரத்தை நடத்துவது மழையும் காற்றும் குளிரும்தான். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு வானிலையைப் பாருங்கள், அதன்பிறகு சனிக்கிழமை எங்கே போவது என்று முடிவெடுங்கள். இலை எங்கே எத்தனை சதவீதம் சிவந்திருக்கிறது என்று காட்டும் வரைபடங்கள் குடும்பப் படம் எடுக்க உதவும். உங்கள் வேலைக்கு உதவாது.

இந்த நகரத்துக்குள் இவ்வளவு உயிர்கள் நடமாட ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் பாதி விளங்கிவிடும். 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் என்ற சூறாவளி இங்கே வந்து மழையைக் கொட்டியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகு வெள்ளம் ஏறக்கூடிய பள்ளத்தாக்குகளில் வீடு கட்ட விடவில்லை. ஆற்றோர நிலங்களை இயற்கை வளப் பாதுகாப்பு ஆணையம் வாங்கியது, அவற்றில் பல பின்னர் பூங்காக்களாயின. இன்றைக்கு நகரின் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் இப்படிப்பட்ட பள்ளத்தாக்கு நிலம். ஹம்பர், டொன், ஹைலண்ட் கிறீக், ரூஜ் என்று வடக்கிலிருந்து ஒன்ராறியோ ஏரிவரை தொடர்ந்து இறங்கும் பச்சைப் பாதைகள் அவை. மான், கொயோட்டி என்ற சிறு ஓநாய் போன்ற விலங்கு, நரி எல்லாம் இந்தப் பாதைகளில்தான் நகருக்குள் வந்து போகின்றன. ஆக, தேட வேண்டிய இடங்கள் இரண்டே: ஆறு, ஏரிக்கரை. நடுவில் உள்ள புல்வெளிப் பூங்காக்களில் அலைந்தால் நாயும் வாத்தும் மட்டும்தான் கிடைக்கும்.

இனி வானிலைக்கு வருவோம். செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதிவரை நல்ல மழை பெய்து ஓய்ந்தால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ மீனுக்குப் போங்கள். மழையால் ஆற்றில் நீர் உயர்ந்ததும் ஏரியில் காத்திருக்கும் சினூக் சமன் மீன்கள் மேலே ஏறும். பத்துக் கிலோவைத் தாண்டும் மீன்கள் முழங்கால் அளவு தண்ணீரில் முதுகு வெளியே தெரிய நீந்துவதை, மூன்று மில்லியன் சனம் வாழும் ஒரு நகரத்துக்குள் நின்று பார்க்கலாம். ஸ்காபரோக்காரருக்கு ஹைலண்ட் கிறீக்தான் பக்கம். மொர்னிங்சைட் பூங்காவுக்குள் இறங்கி ஓடையோரமாக நடந்தால் போதும். மீன் பாய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் சுரங்க ரயிலில் ஓல்ட் மில் நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஹம்பர் கரையோரமாக வடக்கே நடந்தால் சிறு அணைகள் வரும். இன்னும் மேலே போனால் ரேமோர் பூங்காவிலும் ஒரு அணை உண்டு. மேலே சொன்ன அந்தத் தெரு இருந்த இடம்தான் அது.

இந்த சினூக் உள்ளூர் மீன் இல்லை. ஒன்ராறியோ ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சமன் மீன், மில்லுகளுக்காகக் கட்டிய அணைகளாலும் அளவுமீறிய மீன்பிடியாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இல்லாமல் போய்விட்டது. இப்போது நாம் பார்ப்பது பசிபிக் இனம். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதர் கொண்டுவந்து விட்டதன் வழித்தோன்றல். ஆற்றில் ஏறியதும் சாப்பிடுவதை நிறுத்திவிடும், முட்டையிட்டதும் செத்துப்போகும். அதனால் ஒக்ரோபர் பிற்பகுதியில் கரையெல்லாம் நாற்றமாக இருக்கும். அதுவும் எடுக்க வேண்டிய படம்தான். செத்த மீனைத் தேடி றக்கூனும் கடற்பறவைகளும் வரும்.

பாயும் மீனை எடுக்க உங்கள் 55-250 தாராளமாகப் போதும். சொல்லப்போனால் பெரிய லென்ஸ் இங்கே இடைஞ்சல். முதலில் கமராவைத் தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள். அணையின் எந்தப் பகுதிக்குக் கீழே தண்ணீர் ஆழமோ அங்கிருந்துதான் மீன் எழும். ஒன்று எழுந்த இடத்தில்தான் அடுத்ததும் எழும். அந்த இடத்துக்கு நேராக விளிம்பில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 செக்கனைவிட மெதுவாக இருக்கக்கூடாது. தொடர்ச்சியாகச் சுடும்படி கமராவை அமைத்து, தண்ணீர் குமிழும்போதே அழுத்தத் தொடங்குங்கள். மீனைக் கண்டபிறகு அழுத்தினால் வால்தான் வரும். ஓடையில் நீந்தும் மீனுக்கு ஒரு போலரைசர் வடிகட்டி வாங்குவது நல்லது. நீரின் மேல் பளபளப்பைக் குறைத்து உள்ளே இருப்பதைக் காட்டும். ஆனால் ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை விழுங்கிவிடும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது). அணையில் அதைக் கழற்றிவிடுங்கள். ஒன்று மட்டும்: பிள்ளைகளையும் நாயையும் ஓடைக்குள் இறங்க விடாதீர்கள். சரளைக் கற்களுக்கு இடையில்தான் முட்டை இருக்கும்.

குளிர் முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்துபோய், வானம் தெளிந்து, வடமேற்குக் காற்று வீசும் நாள் என்றால் பருந்து நாள். வடக்கிலிருந்து வரும் வல்லூறுகளும் பருந்துகளும் கழுகுகளும் பெரிய ஏரியின் மேலால் பறக்க விரும்புவதில்லை. நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி மிதந்து போகும் பறவைகளுக்கு, நீரின் மேல் அந்தத் தூக்கு கிடையாது. ஆகவே ஏரிக்கரை வந்ததும் மேற்கே திரும்பிக் கரையோரமாகப் போகும். வடமேற்குக் காற்று அவற்றைக் கரையை நோக்கி இன்னும் நெருக்கித் தள்ளும். ஹை பார்க்கில் கிரெனடியர் உணவகத்துக்குப் பக்கத்தில் உள்ள மேடும், கிங்ஸ்டன் வீதியில் உள்ள ரொசெட்டா மெக்லெயின் பூங்காவும் இதற்குப் பேர்போன இடங்கள். செப்ரெம்பர் நடுவில் அகலச் சிறகுப் பருந்துகள் கூட்டம் கூட்டமாகச் சுழன்று ஏறும். ஒக்ரோபரில் கூப்பர் பருந்து, செவ்வால் பருந்து, வான்கோழிக் கழுகு எல்லாம் வரும். மாதக் கடைசியிலிருந்து நவம்பருக்குள் அதிர்ஷ்டம் இருந்தால் பொன்னாங்கழுகு. இதற்காக வெள்ளன எழும்பத் தேவையில்லை. நிலம் சூடாகி வெப்பக் காற்று எழ ஒன்பது, பத்து மணியாகும். அங்கே மடக்குக் கதிரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு புள்ளியைப் பார்த்தே அது என்ன பறவை என்று சொல்லும் ஆட்கள் அவர்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். உங்கள் லென்ஸுக்கு இந்த விடயத்தில் கை எட்டாது. பருந்து தாழப் பறந்தால் எடுக்கலாம், அப்போது கமராவின் வெளிச்ச ஈடுசெய்தலை (exposure compensation) +1 வையுங்கள். இல்லாவிட்டால் பிரகாசமான வானத்துக்கு எதிரில் வயிற்றுப் பக்கம் கருநிழலாகிவிடும்.

அதே ரொசெட்டா மெக்லெயின் பூங்காவில் செப்ரெம்பரில் கீழேயும் பாருங்கள். மெக்சிக்கோவின் மலைக்காடுகளுக்குப் புறப்பட்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் பூச்செடிகளில் தேன் குடிக்க இறங்கும். 55-250 லென்ஸுக்கென்றே அமைந்த காட்சி.

காற்று இல்லை, மேகம் மூடியிருக்கிறது, மழையும் இல்லை. இப்படிப்பட்ட காலையைத்தான் பெரும்பாலானோர் வீணாக்குகிறார்கள். எனக்கு இலையுதிர் காலத்திலேயே அதிகம் பிடித்தது இந்த நாள்தான். சிறு பறவைகள் இரவில் பயணம் செய்பவை. விடியும்போது ஏரிக்கரையில் தாங்கள் இருப்பதைக் கண்டதும் கிடைத்த பற்றைக்குள் இறங்கிச் சாப்பிடத் தொடங்கும். லெஸ்லி வீதியின் தெற்கு முனையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் ஏரிக்குள் நீளும் ரொமி தொம்சன் பூங்கா இதற்கு முதலிடம். இடித்த கட்டடங்களின் செங்கல்லும் கொங்கிறீற்றும் கொட்டி உருவாக்கிய நிலம் அது. இப்போது அங்கே நீர்க்காகங்களின் மாபெரும் குடியிருப்பே இருக்கிறது. கார் உள்ளே போகாது, நாய்க்கும் அனுமதி இல்லை. கட்டடக் கழிவு லொறிகள் ஓடுவதால் வார நாட்களில் பகல்வேளை திறப்பது வழக்கமில்லை, போகுமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய்ப் பறவையைக் கண்ணால் தேடாதீர்கள், சிக்கடியைக் காதால் தேடுங்கள். கறுப்புத் தொப்பி போட்ட, தன் பெயரையே கூவும் சின்னப் பறவை. ஊரோடு இருக்கும் பறவை என்பதால் எங்கே உணவு, எங்கே ஆபத்து என்று அதற்குத் தெரியும். வழிப்போக்கர்கள் அதனோடு சேர்ந்துகொள்ளும். செப்ரெம்பரில் வார்ப்ளர் எனும் சிறு பாடும் பறவைகளும், ஒக்ரோபரில் கிங்லெட் எனும் கட்டைவிரல் அளவுப் பறவைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். சிக்கடிச் சத்தம் கேட்ட இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் நின்றால் கூட்டமே உங்கள் தலைக்கு மேலால் கடந்துபோகும். பின்னால் துரத்திப் போனால் முதுகுதான் படத்தில் வரும். வசந்தத்தில் பளிச்சென்று இருந்த வார்ப்ளர்கள் இப்போது எல்லாம் ஒரே மங்கிய பச்சையாக இருக்கும். பெயர் பிடிபடவில்லை என்று கவலைப்படாதீர்கள், அனுபவசாலிகளும் இதில் தலையைச் சொறிவார்கள். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம். சத்தத்தையும் படத்தையும் கொண்டு ஊகம் சொல்லும். ஊகம் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிச்சம் பற்றி ஒரு கணக்கு. ஒக்ரோபர் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 72 பாகை. அதாவது ஊரில் காலை எட்டரை மணிக்குக் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் இங்கே நண்பகலிலும் கிடைக்கிறது. சூரியன் உதிப்பதே ஏழரை மணிக்கு. ஜூனில் ஐந்தரைக்கு எழும்பிப் படம் எடுக்கிறவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். ஒக்ரோபரில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனாலும் குறைவொன்றுமில்லை. வெயில் இருந்தால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவும் நின்று பாருங்கள். இலையின் ஊடாக ஒளி வரும்போது மேப்பிள் எரிவதுபோல் தெரியும், அணிலின் வாலைச் சுற்றி ஒரு கோடு விழும்.

இலையைப் பின்னணியாக்குவதில்தான் பலரும் சறுக்குவது. பறவை உட்கார்ந்த கிளையின் இலைகளே பின்னணியாக இருந்தால் படம் குப்பையாகத் தெரியும். பறவைக்கும் சிவந்த மரத்துக்கும் இடையில் பத்துப் பதினைந்து மீற்றர் தூரம் இருக்கும்படி நீங்கள்தான் இடம் மாற வேண்டும். அப்போது 250 லென்ஸிலும் நிறம் மட்டும் கரைந்து நிற்கும். கமராவின் தானியங்கி வெண்மைச் சமநிலை (white balance) மஞ்சளைக் குறையாக எண்ணித் திருத்திவிடப் பார்க்கும். பகல் வெளிச்சம் அல்லது மேகமூட்டம் என்று நீங்களே தெரிவு செய்யுங்கள். ஸூகர் மேப்பிள் ஒக்ரோபர் மூன்றாவது வாரத்தோடு கொட்டத் தொடங்கிவிடும். ஆனால் ஹை பார்க்கின் கருவோக் மரங்கள் நவம்பரிலும் செம்பழுப்பு இலைகளோடு நிற்கும். சனம் வீட்டுக்குப் போனபிறகு கிடைக்கும் அந்த நிறம் மானுக்கும் பருந்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

எந்த வானிலையும் கைகொடுக்காத நாளில் அணிலைப் படியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த ஊரின் கறுப்பு அணில் தனி இனமல்ல, சாம்பல் அணிலின் கருநிற வடிவம். சட்டகம் நிறைய அது இருந்தால் கமரா ஏமாந்து படத்தை வெளிறச் செய்யும். ஈடுசெய்தலை -0.7 பக்கம் இறக்கினால் கறுப்பு கறுப்பாகவும், வெயில் பட்ட இடம் செம்பழுப்பாகவும் வரும். ஊரில் இராமர் தடவிய மூன்று கோட்டு அணிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிப்மங்க் என்ற கோடு போட்ட சிறு அணில் உடனே பிடித்துப்போகும். கன்னம் இரண்டும் புடைக்கக் கொட்டைகளை அடைத்துக்கொண்டு வளைக்கு ஓடும். வளையைக் கண்டுபிடித்து, தரையில் படுத்து, லென்ஸை அதன் கண்மட்டத்தில் வைத்துக் காத்திருங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பி வரும். நவம்பரில் குளிர் இறுகியதும் நிலத்துக்குள் போய்விடும், பிறகு வசந்தம்தான்.

பின்னேரத்துக்கு ரூஜ். 2015இல் சட்டமாகி வந்த கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா அது, 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும் விஸ்டா பாதை பள்ளத்தாக்கின் நிறத்தைக் காட்டும். உயிர்களுக்கு நான் ரூஜ் கடற்கரைப் பக்கத்துச் சதுப்பைத்தான் சொல்வேன். ரூஜ் ஹில் கோ (GO) ரயில் நிலையத்தில் இறங்கி ஏரியோரமாக நடந்தே போகலாம். நீலக் கொக்கும் மீன்கொத்தியும் ஒக்ரோபரில் இன்னும் இருக்கும். பீவர்கள் குளிர்காலச் சாப்பாட்டுக்காகக் கிளைகளை வெட்டி நீருக்கடியில் சேர்ப்பது இப்போதுதான். வழக்கமாக இருட்டியபின் வருபவை வேலை மிகுதியால் சூரியன் மறையுமுன்னரே வரத் தொடங்கும். கமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் விழும் புள்ளி இரைச்சலை மென்பொருள் குறைத்துவிடும், அசைந்த படத்தை எதுவும் திருத்தாது. நவம்பர் மானின் இணைசேரும் காலம். கொம்புள்ள கிடா வழக்கத்தைவிடத் துணிந்து வெளியே வரும். கிட்டப் போக வேண்டாம். சூழலோடு சேர்த்துச் சிறிதாக எடுத்த மான், மூக்குவரை நிறைத்த மானைவிட நன்றாகவே இருக்கும்.

சாப்பாடு போட்டு அழைக்கும் பழக்கத்தைத் தொடங்க வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து ரொறன்ரோவில் பொது இடத்திலும் தனியார் காணியிலும் காட்டு உயிர்களுக்கு உணவு வைப்பது விதிமீறல். சட்டத்தை விடுங்கள், மனிதன் கையில் சாப்பாடு இருக்கும் என்று கற்றுக்கொண்ட கொயோட்டியின் முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை. ஒக்ரோபர், நவம்பரில் சோ-வெட் என்ற இருபது சென்டிமீற்றர் ஆந்தை ஊசியிலை மரங்களில் பகலில் தூங்கும். யாராவது கண்டு இடத்தைச் சொல்லிவிட்டால் மறுநாள் அங்கே கமராக் கூட்டம் கூடும், கிளையை ஒதுக்குவார்கள், சத்தம் போட்டு எழுப்புவார்கள். இரவெல்லாம் பறந்து வந்த பறவை அது. நீங்கள் கண்டால் தூரத்தில் நின்று இரண்டு படம் எடுத்துவிட்டு இடத்தை உங்களோடேயே வைத்திருங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு சொல். குளிர் வந்துவிட்டது, உண்ணி இருக்காது என்று நினைப்பது பிழை. கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் ஒக்ரோபர், நவம்பரில் நன்றாகவே நடமாடும், ரூஜ் பள்ளத்தாக்கில் அது நிலையாக உண்டு. காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள், சிப்மங்குக்காகத் தரையில் படுத்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பாருங்கள். கடித்திருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் லைம் நோய் தொற்றும் வாய்ப்புக் குறைவு. மேலதிக பற்றரியை உள்ஜக்கெற்றில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். வீட்டுக்குள் வந்தவுடன் கமராவை வெளியே எடுக்காமல் பையை மூடியபடியே ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டால் லென்ஸுக்குள் நீராவி படியாது.

இனி லென்ஸ். மேலே சொன்னதில் மீன், வண்ணத்துப்பூச்சி, அணில், மான், கொக்கு எல்லாவற்றுக்கும் உங்களிடம் உள்ளதே போதும். போதாதது பருந்துக்கும், நவம்பரில் ஏரிக்கு வரும் பஃபிள்ஹெட், நீள்வால் வாத்துகளுக்கும்தான். இந்த ஒரு பருவத்தைக் கையிலுள்ள லென்ஸோடு முடியுங்கள். நவம்பரில் ஹம்பர் ஆறு ஏரியில் சேரும் ஹம்பர் பே பக்கம் வாத்துகள் சேர்ந்ததும் ஒரு 150-600 லென்ஸை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அவை ஏறக்குறைய இரண்டு கிலோ. ஏரிக்காற்றில் கையுறையோடு இரண்டு மணித்தியாலம் அதைத் தூக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் 100-400 போதும்.